வீட்டுக்கு ஓர் அபாயமணி

எங்கள் சாய்ந்தமருதில் ஒரு வீடு கட்டி முடிந்ததும் மதில், மதிலின் மேல் போத்தல் துண்டு, கேற், யன்னல்களுக்குக் கம்பி என்று பாதுகாப்புக்கு ஒரு வரிசை உண்டு. சில வருடங்களாக அந்த வரிசையின் கடைசியில் அபாயமணியும் சேர்ந்துவிட்டது. ஆனால் மதிலைக் கட்டும்போது மேசனுடன் மல்லுக்கட்டும் பெரியவர்கள், அபாயமணியை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வாப்பா கத்தாரில் வேலை செய்கிறார். வீட்டில் உம்மா, உம்மம்மா, நான், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி. சென்ற வருடம் எங்களுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கி நகையை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அந்த இரவுக்குப் பின் வாப்பா தினமும் இரண்டு முறை அழைக்கத் தொடங்கினார். "விலையப் பாக்காதீங்க மகள், நல்லதா ஒன்டு எடுங்க" என்றார். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிப்பவள் என்பதால் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்காக வாசித்தவற்றையும், கடைகளில் கேட்டறிந்தவற்றையும், எங்கள் வீட்டில் பொருத்தியபோது கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அபாயமணி கள்வனைத் தடுக்காது. தடுப்பது கதவும் பூட்டும்தான். குசினிக் கதவு உழுத்துப்போய், உள்ளே ஒரு சிறிய கொண்டி மட்டும் இருக்கிற வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த மணியைப் பொருத்தினாலும் அது கள்வன் உள்ளே வந்துவிட்டான் என்பதைத்தான் சொல்லும். ஆகவே நாங்கள் முதலில் செலவழித்தது பின்கதவின் நிலைக்கும் இரண்டு நல்ல தாழ்ப்பாள்களுக்கும்தான். மணி செய்யும் வேலை வேறு. அது கள்வனுடைய நேரத்தைக் குறைக்கிறது, ஆட்களை வரவழைக்கிறது. இரண்டாவது வேலையைப் பற்றி யாருமே கடையில் கேட்பதில்லை. மணி அடித்தால் வரப்போவது யார்?

எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் மணி இருக்கிறது. மழை பெய்தால் அடிக்கும், பூனை பாய்ந்தால் அடிக்கும், சில நாட்களில் காரணமே இல்லாமல் அடிக்கும். ஆரம்பத்தில் அயலவர்கள் டோர்ச்சும் பொல்லுமாக ஓடினார்கள். இப்போது எவரும் தலையணையை விட்டுத் தலையைத் தூக்குவதில்லை. உண்மையாகவே அந்த வீட்டுக்குள் ஒருவன் நுழைந்தால் அவனுக்கு அந்த மணியினால் எந்தத் தொந்தரவும் இல்லை. எனவே நான் தேடியது அதிகம் அடிக்கும் மணியை அல்ல. வீணாக அடிக்காத மணியை.

இக்கருவி மூன்று பகுதிகளால் ஆனது. கவனிக்கும் உணரிகள், அவை சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, சத்தமிடும் சைரன். இவற்றில் பொருத்துமிடத்தைப் பொறுத்து நன்மையோ தீமையோ செய்வது உணரிதான்.

கதவுக்கும் யன்னலுக்கும் பொருத்துவது காந்த ஆளி. ஒரு சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். பக்கத்தில் காந்தம் வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும்; காந்தம் விலகினால் பிரியும். காந்தத்தைக் கதவிலும் ஆளியை நிலையிலும் பொருத்தினால், கதவு திறந்தவுடன் சுற்று அறுந்துவிடும். சுற்று மூடியிருப்பதுதான் அமைதி நிலை என்று வைத்திருப்பதில் ஒரு கெட்டித்தனம் உண்டு. கள்வன் வயரை வெட்டினாலும் சுற்று அறும், மணி அடிக்கும். வெட்டாமல் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்காகத்தான் சுற்றின் கடைசியில் ஒரு தடையியைச் சேர்க்கிறார்கள். பெட்டி அந்தத் தடையின் பெறுமானத்தையே எதிர்பார்த்திருக்கும். பூச்சியமாகக் குறைந்தாலும் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். ஓமின் விதியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்கும் எங்கள் வகுப்புத் தோழியருக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன்.

ஆனால் ஓட்டைப் பிரித்து இறங்குகிறவன் கதவைத் தொடுவதே இல்லை. பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறும்போதுதான் கதவைத் திறப்பான். எங்கள் வீட்டின் முன்பகுதி கொங்கிறீட், பின்பகுதி ஓடு. ஆகவே பின்பகுதிக்கு அசைவு உணரி கட்டாயம் தேவைப்பட்டது.

அசைவு உணரியைக் கடைகளில் 'பி.ஐ.ஆர்.' என்பார்கள். அது எதையும் அனுப்புவதில்லை. வருவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. நம் உடலிலிருந்து செங்கீழ்க் கதிர்கள் எந்நேரமும் வெளிவருகின்றன. அவற்றில் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளத்தை இந்த உணரி கவனிக்கிறது. உள்ளே இரண்டு சிறிய பகுதிகள் அருகருகே, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் ஒரேயடியாகச் சூடேறினால் இரண்டும் சமமாகச் சூடேறி ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஓர் ஆள் நடந்தால் அவருடைய சூடு முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் விழும். அந்த வித்தியாசம்தான் சமிக்ஞை. முன்னால் தெரியும் வெள்ளைப் பிளாத்திக்கு வில்லை அறையை விசிறி மட்டைபோலப் பல கீற்றுகளாகப் பிரித்து வைக்கிறது. கீற்றுகளைக் குறுக்காகக் கடப்பவரை அது உடனே கண்டுகொள்ளும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைக் காணச் சற்றுத் தாமதிக்கும். ஆகவே கதவுக்கு நேர் எதிரே பொருத்துவதைவிட, வருகிறவன் குறுக்கே நடக்க வேண்டிய ஒரு மூலையில், நிலத்திலிருந்து ஏறத்தாழ 2.1 முதல் 2.4 மீற்றர் உயரத்தில் பொருத்துவதே சரி.

இந்தக் கதிர்கள் சாதாரண யன்னல் கண்ணாடியைக் கடப்பதில்லை என்பது எனக்கே புதிய செய்தியாக இருந்தது. வெளியே வளவில் ஒருவன் நின்றாலும் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் உணரிக்கு அவன் தெரியமாட்டான். ஆனால் அதே யன்னலில் வெயில் பட்டுச் சூடான திரைச்சீலை காற்றில் ஆடினால் அது ஆளென்று நினைக்கக்கூடும். அடுப்பையும் யன்னலையும் நேராகப் பார்க்கும்படி உணரியை வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸை நெருங்கிவிடும். நம் தோலின் வெப்பநிலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுவரும் ஆளும் ஒரே சூட்டில் இருந்தால் உணரிக்கு ஆளைப் பிரித்தறிவது கடினம். வெப்பநிலைக்கேற்பத் தன் உணர்திறனை மாற்றிக்கொள்ளும் வகை உணரிகள் இருக்கின்றன. பெட்டியின் மேல் இந்த வசதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குளிர்நாட்டுக்காரருக்கு இது பெரிய விடயமல்ல. நமக்கு முக்கியம்.

அடுத்தது பல்லி. தூரத்தில் ஓடும் பல்லியை உணரி பொருட்படுத்தாது. வில்லையின் மேலேயே அது ஊர்ந்தால் கதை வேறு. கண்ணுக்கு முன்னால் விரலைப் பிடித்தால் மலையே மறைவது போலத்தான். வயர் நுழையும் துவாரத்தால் எறும்பு போய் உள்ளே குடியிருப்பதும் உண்டு. அந்தத் துவாரத்தை சிலிக்கனால் அடைத்துவிட வேண்டும். வாங்கும்போது வளர்ப்புப் பிராணிகளுக்கு அடிக்காத வகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது நிலத்தில் நடக்கும் பிராணிக்குத்தான் பொருந்தும். எங்கள் வீட்டுப் பூனைக்கு அலுமாரியின் உச்சிதான் படுக்கை. எனவே அலுமாரி இல்லாத பக்கத்தைப் பார்க்குமாறு ஓர் உணரியைத் திருப்பி வைத்தோம். பூனையை மாற்ற முடியாது.

இனி, எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட விடயம். ஒரு கடையில் உணரிகளை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளே நான்கு கமெரா பொருத்தச் சொன்னார்கள். "கட்டாரில இருந்தே வாப்பா போனில பாக்கலாம்" என்றார் கடைக்காரர். உம்மா உடனே எழுந்துவிட்டார். அது வெறும் வெட்கத்தால் அல்ல. நாம் வீட்டுக்குள் முந்தானை இல்லாமல் நடமாடுகிறோம், தலையை உலர்த்துகிறோம், தம்பிக்கு உடுப்பு மாற்றுகிறோம். இணையத்தில் இணைந்த ஒரு கமெராவின் படம் வாப்பாவின் கைக்கு மட்டுமே போகும் என்பதற்கு உறுதி என்ன? பொருத்த வந்தவருக்குக் கடவுச்சொல் தெரியும். அதை எவரும் மாற்றுவதில்லை. பி.ஐ.ஆர். உணரிக்கு முகம் தெரியாது, உடுப்புத் தெரியாது. சூடு ஒன்று நகர்ந்தது என்பது மட்டுமே தெரியும். பெண்கள் வாழும் வீட்டுக்குள்ளே அதுவே போதும். கமெரா வேண்டுமானால் கேற்றையும் மதிலையும் பார்க்கட்டும். அயல் வீட்டு முற்றத்தை அல்ல.

கமெராவை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டுப் பாதுகாப்புக் கமெராவின் வரலாற்றில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு தாதி. அவரும் மின்னணுத் தொழினுட்பவியலாளரான கணவரும் வேறு வேறு நேரங்களில் வேலைக்குப் போய் வருவார்கள். அவர் தனித்திருக்கும் இரவுகள் உண்டு. அழைத்தாலும் அப்பகுதிக்குப் பொலிஸார் வரத் தாமதமாகும். யாராவது கதவைத் தட்டினால் திறக்காமலேயே ஆளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. கதவில் வெவ்வேறு உயரங்களில் பார்வைத் துவாரங்கள், அவற்றினூடே மேலும் கீழும் நகரும் கமெரா, படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை, வெளியே நிற்பவருடன் பேச ஒலிவாங்கி, உதவிக்கு அழைக்க ஒரு பொத்தான். இருவரும் 1966 இல் விண்ணப்பித்து 1969 டிசம்பர் 2 ஆம் திகதி ஆக்கவுரிமை பெற்றார்கள். கவனியுங்கள்: அவருடைய கமெரா வெளியேதான் பார்த்தது.

வயர் இழுப்பதா, வயர் இல்லாததா என்பது அடுத்த கேள்வி. வீடு கட்டும்போதே முடிவெடுத்தால் வயர்தான் சிறந்தது என்பது என் கருத்து. சுவருக்குள் குழாய் போட்டுவிட்டால் பல வருடங்களுக்குக் கவலையில்லை. கட்டி முடித்துப் பூச்சும் அடித்த வீட்டில் சுவரை வெட்ட எவருக்கும் மனம் வராது. வயர் இல்லாதவற்றில் ஒவ்வோர் உணரிக்கும் தனி பற்றரி உண்டு. அது தீர்ந்துபோனால் அந்தக் கதவுக்குக் காவல் இல்லை. மலிவானவை ஒரு வழியாகத்தான் பேசும். கதவு திறந்தால் ஒரு சமிக்ஞையை அனுப்பும். மற்ற நேரங்களில் உயிரோடிருக்கிறதா இல்லையா என்று பெட்டிக்குத் தெரியாது. இருவழியாகப் பேசி, குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை "இருக்கிறேன்" என்று அறிவிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் ஓட்டுப் பகுதிக்கு வயரும், கொங்கிறீட் பகுதிக்கு வயர் இல்லாததும் என்று இரண்டையும் கலந்தோம். இரண்டையும் ஏற்கும் பெட்டிகள் கிடைக்கின்றன.

மின்வெட்டைப் பற்றி இந்த நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். இருட்டு கள்வனுக்கு வசதி. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பற்றரியைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். வழக்கமாக இருப்பது 12 வோல்ற்று, 7 அம்பியர் மணித்தியால ஈய அமில பற்றரி. எங்கள் பெட்டியும் உணரிகளும் சேர்ந்து சும்மா இருக்கும்போது 160 மில்லி அம்பியர் இழுக்கின்றன. 7000 ஐ 160 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43 மணித்தியாலம். பற்றரி பழசாகும், சைரன் அதிகம் இழுக்கும். ஆகவே இந்தக் கணக்கில் பாதியை மட்டும் நம்பலாம். அப்படியும் ஓர் இரவைக் கடந்துவிடும். சில சிறிய பெட்டிகளுக்குள் கைத்தொலைபேசிப் பற்றரி அளவில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவை ஒரு மின்வெட்டைத் தாண்டுவதே சந்தேகம்.

மணி அடித்தவுடன் பெட்டி தொலைபேசியிலும் சொல்ல வேண்டும். வைபை மட்டும் உள்ள பெட்டி, மின்சாரம் போனதும் றவுட்டருடன் சேர்ந்து ஊமையாகிவிடும். சிம் போடும் வகையே நல்லது. 2ஜி மட்டும் ஏற்கும் பழைய வகையை எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் 2017 இல் 2ஜி சேவையை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. சிம்மிற்குத் தவறாமல் ரீலோட் போட ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தம்பியின் வேலை. மறக்கவே மாட்டான், ஏனென்றால் அன்று தனக்கும் கொஞ்சம் டேட்டா கேட்பான்.

யாருடைய இலக்கத்தை முதலில் போடுவது? தன்னுடையதைப் போட வேண்டும் என்று வாப்பா விரும்பினார். அவருடைய மனம் எங்களுக்கு விளங்கியது. ஆனால் இரவு ஒரு மணிக்கு இங்கே மணி அடித்தால் அங்கே பத்தரை மணி. வேலை முடிந்து வந்து படுக்கிற நேரம். அவரால் வர முடியாது. எங்களுடன் பேச முடியாமல் போனால் விடியும்வரை அவர் படும் பாட்டை யார் பார்ப்பது? "வாப்பா, ஓடி வரக்கூடிய ஆளுக்குத்தான் முதல் கோல் போகணும்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி மகள், மாமாட நம்பரப் போடுங்க" என்றார். முதலாவது அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மாமா, இரண்டாவது பக்கத்து வீட்டு மாமி, மூன்றாவதாக வாப்பாவுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும். பொலிஸ் அவசர இலக்கமான 119 ஐப் பெட்டியில் பதியவில்லை. பெட்டிக்கு விலாசமும் சொல்லத் தெரியாது, கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்லத் தெரியாது. அந்த அழைப்பை மனிதர்தான் எடுக்க வேண்டும்.

வீட்டிலிருப்போரின் பழக்கங்களை எழுதிப் பார்த்த பிறகே வலயங்களைப் பிரிக்க வேண்டும். உம்மம்மா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "மகள், ராவையில நான் ஒழுவெடுக்க எழும்பினா இந்தச் சாமான் கத்துமா?" கடைக்காரர் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவர் நள்ளிரவுக்குப் பின் எழும்புவார். அறையிலிருந்து பின் விறாந்தை வழியாகக் குளியலறைக்குப் போவார். ஆகவே இரவு முறையில் அந்த வழியிலுள்ள உணரி உறங்கும். வெளிக்கதவுகள், யன்னல்கள், முன் ஹோல், ஓட்டின் கீழுள்ள களஞ்சிய அறை ஆகியவை மட்டும் விழித்திருக்கும். எல்லோரும் வெளியே போகும்போது முழு முறை. நோன்பு மாதத்தில் குசினி ஸஹருக்கு முன்பே திறந்துவிடும், இரவு தொழுகை நேரத்தில் வீடு வெறிச்சோடிவிடும். அந்த மாதத்துக்கு நேர ஒழுங்கை வேறாக அமைத்தோம். உள்ளே வந்து மணியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் அவகாசத்தை உம்மம்மாவின் நடைக்கு ஏற்றபடி 45 செக்கனாக வைத்தோம். இலக்கங்களை அழுத்தச் சொல்லாமல் அவருக்கு ஒரு சிறிய றிமோட்டைக் கொடுத்தோம். உம்மாவின் கட்டிலருகே ஓர் அவசரப் பொத்தானும் இருக்கிறது. எந்த உணரியும் எதையும் காணாவிட்டாலும், சத்தம் கேட்டுப் பயந்தால் அதை அழுத்தினால் போதும். எல்லா வசதிகளிலும் உம்மாவுக்கு நிம்மதியான தூக்கத்தைக் கொடுத்தது அதுதான்.

பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. கட்டுப்பாட்டுப் பெட்டி வாசலிலிருந்து தெரியக்கூடாது. சைரன் இரண்டு வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று கை எட்டாத உயரத்தில் வெளியே. எங்களைப் போலக் கடற்கரையோரம் இருப்பவர்கள் வெளிச் சைரனுக்கு இரும்பு ஆணிகளைத் தவிர்க்க வேண்டும். உப்புக் காற்று ஒரு மாரிக்குள்ளேயே தின்றுவிடும். தெரிந்த மின்வினைஞரை அழையுங்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். அவர் போனவுடன் 1234 என்றோ 0000 என்றோ இருக்கும் கடவு இலக்கத்தை மாற்றுங்கள். பொருத்துபவருக்கென்று தனியாக இன்னொரு இலக்கமும் பெட்டியில் இருக்கும், அதையும்தான். சிம்மின் இலக்கத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் பல பெட்டிகளைக் குறுஞ்செய்தி மூலமே நிறுத்தலாம். பிறகு சைரனை அடக்கிவிட்டு வீடு முழுவதும் நடந்து பாருங்கள். தம்பி தவழ்ந்தும் பார்த்தான். களஞ்சிய அறையின் ஒரு மூலையில் அவனை உணரி காணவில்லை. ஒரு சாண் நகர்த்தியதும் கண்டது.

பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தோம்: ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பின் அடித்தால் அது சோதனை, வேறு எப்போது அடித்தாலும் உண்மை. அந்தச் சோதனையை மின்சாரத்தை நிறுத்திவிட்டு பற்றரியில் செய்கிறோம். எங்கள் வெப்பத்துக்கு இந்த பற்றரி மூன்று வருடம் போனால் பெரிது. அதை மாற்ற வேண்டிய மாதத்தை உம்மா மாக்கர் பேனையால் பெட்டியின் உள் மூடியில் எழுதி, பக்கத்திலேயே மாமாவின் இலக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.